கல்லில் இல்லாத சொற்கள்: திருக்கோணமலைக் கோயிலின் அழிவும் மீட்சியும் பற்றிய வழக்காறுகள்

இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலை நகரை அடுத்துக் கடலுக்குள் நீண்டு நிற்கும் குன்றின் உச்சியில் கோணேசுவரர் கோயில் அமைந்துள்ளது. குன்றுக்குச் செல்லும் வழியை மறித்து நிற்பது பிரெடரிக் கோட்டை. அக்கோட்டையின் வாயிலில், வலப்புற நிலைக்கல்லில் சிதைந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. வரிக்குச் சில எழுத்துகளே உள்ளன. பல வரிகளின் தொடக்கம் தேய்ந்துவிட்டது. இறுதி வரிகளில் தனித்தனி எழுத்துகளே எஞ்சியிருக்கின்றன. அருகில் பாண்டியர் இலச்சினையை நினைவூட்டும் இணைகயல் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது.

இக்கல்வெட்டு ஒரு வெண்பா. குளக்கோட்டன் முன்னர்ச் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கியர் சிதைப்பர் என்று அது வருவது கூறுகிறது. திருகோணமலைத் தமிழரிடையே இவ்வெண்பா கல்லைப் பாராமலே சொல்லப்படுவது. பள்ளிச் சிறுவரும் அறிந்தது. ஆனால் அவர்கள் சொல்லும் வெண்பாவும் கல்லில் உள்ள வெண்பாவும் முற்றும் ஒன்றல்ல. முற்பாதி இரண்டிலும் ஒன்றே. தனிச்சொல்லை ஒட்டி இரண்டும் வேறு வேறு வழிகளில் செல்கின்றன. இவ்வேறுபாட்டைப் பாடபேதம் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது. எனினும் ஒரு கடற்கரைக் கோயிலின் இழப்பை ஊர் எவ்வாறு நினைவில் வைத்தது, மீட்சிக்கு அந்நினைவில் எவ்வாறு இடம் விட்டது என்பதை அறிய இதனைவிடச் சிறந்த சான்று இல்லை. அவ்விரு வடிவங்களையும் அவற்றைச் சூழ்ந்த பெயர் வழக்குகளையும் மொழியியல் நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர்

கோயிலின் பழமைக்குத் தமிழில் கிடைக்கும் முதன்மைச் சான்று, ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் பாடிய பதிகம். மூன்றாம் திருமுறையில் இடம்பெறும் அப்பதிகம் மலையைக் கோணமாமலை என்றே அழைக்கிறது. கடல் தன் செல்வங்களைக் கரையில் கொண்டு சேர்க்கும் காட்சியை விரிக்கிறது. திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியில் கிடைத்த, சோழர் காலத்தைச் சார்ந்த கல்வெட்டு கோயிலுக்கு 250 வேலி நிலம் விடப்பட்டதைக் கூறுகிறது. அதில் கோணபர்வதம், திருக்கோணமலை என்னும் இரு பெயர்களும் அடுத்தடுத்து வருகின்றன. இறைவன் கோயில் மச்சகேசுவரம் எனப்படுகிறது. வடமொழிப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் இணைத்து எழுதும் இவ்வழக்கம் அக்காலக் கல்வெட்டு நடைக்கு இயல்பானதே.

பாலி மொழி நூலான மகாவம்சம் இவ்விடத்தைக் கோகண்ணம் என்று குறிக்கிறது. மகாசேன மன்னன் கோகண்ணத்திலும் பிற இடங்களிலும் தேவாலயங்களை அழித்து விகாரங்கள் எழுப்பினான் என்று அந்நூல் சொல்கிறது. அழிக்கப்பட்டவை சிவலிங்கங்கள் இருந்த கோயில்கள் என்று அதன் உரை விளக்குகிறது. குன்றின் இழப்புகளுள் நூல்வழி அறியப்படும் முதலாவது இழப்பு இது. வியப்பு என்னவெனில், தமிழ் வாய்மொழி வழக்கில் மகாசேனனுக்கு ஏறத்தாழ இடமே இல்லை. ஊர் நினைவில் நிற்கும் அழிவு ஒன்றே ஒன்றுதான்.

இன்று ஊரின் பெயர் அலுவல் வழக்கில் திருகோணமலை என ஒற்று மிகாமலும், கோயிலைச் சுட்டும்போது திருக்கோணமலை என ஒற்று மிக்கும் எழுதப்படுகிறது. திரு என்னும் அடைமொழி வல்லெழுத்தின் முன் வரும்போது ஒற்று மிகுதல் இயல்பு. ஒற்று மிகாத வடிவத்திற்குப் பின்னால் திரிகோணம், அதாவது முக்கோணம், என்னும் பொருள்கோள் மறைந்திருக்கிறது. சிங்களத்தில் திரிகுணாமலய என வழங்குவதும் ஐரோப்பியர் வழியாக ஆங்கிலத்தில் திரிங்கோமலி என நிலைத்ததும் அப்பொருள்கோளுக்கு வலுவூட்டியிருக்கலாம். ஈழத்துப் பேச்சு வழக்கிலோ இச்சிக்கல் எழுவதே இல்லை: ஊர் வெறும் திருமலை. தெலுங்கு நாட்டில் வாழும் தமிழர் செவிக்குத் திருமலை என்றால் வேங்கடமே முதலில் தோன்றும் என்பதால், ஈழத்து நூல்களைப் படிக்கும் மொழிபெயர்ப்பாளர் ஈண்டு விழிப்பாக இருத்தல் வேண்டும்.

மூட்டுதலும் பிரித்தலும்

கோயில் அழிக்கப்பட்டது போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனோ டி சா காலத்தில். 1622 ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு நாளில், இறைவன் திருவுருவம் நகருக்குள் உலாப்போயிருந்தபோது, அந்தணர் வேடத்தில் போர்த்துக்கேய வீரர் கோயிலுக்குள் புகுந்து கொள்ளையிட்டனர் என்பது ஊர் வழக்கு. 1624 ஆம் ஆண்டளவில் குன்றின் அடியில் அவர்கள் கோட்டை கட்டினர். கோயிற் கற்களே அதற்குப் பயன்பட்டன. கோவாவில் இருந்து பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கை வரலாற்றை எழுதிய பாதிரியார் பெர்னாவோ டி கெய்றோசு, குன்றில் மூன்று கோயில்கள் இருந்ததைக் குறிப்பிடுகிறார். வாய்மொழி வழக்கு வேடத்தையும் நாளையும் நினைவில் வைத்திருக்க, எதிரியின் ஏடு கட்டடங்களின் எண்ணிக்கையை நினைவில் வைத்திருக்கிறது. இரண்டில் ஒன்றைக்கொண்டு மற்றொன்றைப் பொய்யென்று தள்ளுதல் பொருந்தாது.

வெண்பாவின் முற்பாதியில் இரு வினைகள் எதிரெதிராக நிற்கின்றன. குளக்கோட்டன் செயலைக் குறிப்பது மூட்டு. பறங்கியர் செயலைக் குறிப்பது பிரி. மூட்டுதல் என்பது பொருத்தி இணைத்தல். எலும்பு மூட்டு, மூட்டுவாய் முதலியவற்றில் அப்பொருள் இன்றும் வாழ்கிறது. பிரித்தல் அதன் நேர் எதிர்ச்சொல். கூரையைப் பிரித்தல், பந்தலைப் பிரித்தல் என்னும் வழக்குகளில் அழிவைவிட அவிழ்த்தலே முதன்மை பெறுகிறது. பிரித்த பொருள் வேறோர் இடத்தில் மீண்டும் பயன்படும் என்னும் குறிப்பும் உண்டு. கோயில் கற்கள் கோட்டைக்குப் போனதை இதனினும் சுருக்கமாகச் சொல்ல இயலாது. இவ்வெண்பாவை மொழிபெயர்ப்பவர் இச்சொல்லுக்கு அழித்தல், இடித்தல் எனப் பொருள் கொண்டால் பொருள் போகாது. ஆனால் மூட்டு என்பதனோடு உள்ள இணை போய்விடும்.

இங்கு ஒன்று கருதத்தக்கது. பிரி என்னும் அச்சொல்லின் முற்பகுதி கல்லில் இல்லை. ஈற்றெழுத்துகளே தெரிகின்றன. மூட்டு என்பதும் முழுமையாக இல்லை. விடுபட்ட எழுத்துகளை நிரப்பியவர்கள் வாய்மொழியாக வழங்கிய வெண்பாவைத் துணையாகக் கொண்டே நிரப்பினர். கல்வெட்டே மூலம், வாய்மொழி அதன் நிழல் என்பது பொதுக் கருத்து. இங்கோ கல்லைப் படிக்க மக்களின் வாய் உதவியிருக்கிறது.

தனிச்சொல்லுக்குப் பின் நிலை மாறுகிறது. கல்லில் எஞ்சிய எழுத்துகளைக் கொண்டு அறிஞர் மீட்டெடுத்த வடிவத்தின்படி, சிதைந்த திருப்பணியைப் பின்னர் இயற்ற இயலாது. பின்வரும் அரசர்கள் அதனை எண்ணவும் மாட்டார்கள். பொண்ணா எனத் தெரியும் எழுத்துகளைப் பின்பு ஒண்ணா என்பதன் பகுதியாகக் கொள்வது இப்பொருளுக்கு இயைகிறது. ஒன்றாது என்பது ஒண்ணாது எனத் திரிந்து இயலாமைப் பொருளில் வழங்குவது இடைக்கால, பிற்காலத் தமிழில் காணப்படுவதே. ஆக, கல் சொல்லும் இறுதிச் செய்தி முழு நம்பிக்கையின்மை. எழுத்தமைதி கொண்டு இக்கல்வெட்டு பதினாறாம் நூற்றாண்டினது எனக் கருதுவர். ஆயினும் அழிவுக்குச் சில ஆண்டுகள் முன்னதா, பின்னதா எனப் பிரித்தறியும் கூர்மை எழுத்தமைதிக்கு இல்லை. நடந்ததைப் பார்த்த ஒருவர் வருவதுபோல் பாடியிருப்பதற்கும் இடமுண்டு.

வாய்மொழி வெண்பாவில் அந்நம்பிக்கையின்மை இல்லை. ஒண்ணாது, எண்ணார் என்னும் எதிர்மறைகள் நீங்கிவிட்டன. அவற்றின் இடத்தில் பூனைக்கண், செங்கண், புகைக்கண் உடையோர் வரிசையாக ஆண்டபின் நிலம் வடுகு ஆகிவிடும் என்னும் செய்தி வந்து அமர்ந்திருக்கிறது. மீட்சி உண்டு என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. பிரித்தவர்களின் ஆட்சிக்கு முடிவு உண்டு என்று மட்டும் சொல்கிறது. ஊருக்கு அது போதுமானதாக இருந்தது போலும்.

பறங்கியும் வடுகும்

பறங்கி என்னும் சொல் நீண்ட வழி நடந்து தமிழுக்கு வந்தது. ஐரோப்பாவின் பிராங்கு இனத்தார் பெயர் அரபியிலும் பாரசீகத்திலும் மேலைநாட்டார் அனைவருக்கும் பொதுப்பெயராகி, இந்தியக் கரைகளில் முதலில் வந்த போர்த்துக்கேயருக்கு உரியதாயிற்று. பறங்கிப்பேட்டை, பறங்கிமலை, பறங்கிக்காய் எனத் தமிழகத்தில் அது ஊரிலும் காயிலும் ஒட்டிக்கொண்டது. பீரங்கியும் அதே வேரினது என்பர்; தெலுங்கில் பிரங்கி என்பது பீரங்கியையே குறிக்கும். ஈழத்திலோ அச்சொல் தன் பகைமைக் குறிப்பை நெடுங்காலம் இழக்கவில்லை. பின்னர் வந்தவர்கள் ஒல்லாந்தர் என்றும் ஆங்கிலேயர் என்றும் தனிப்பெயர் பெற்றனர். வெண்பா அவர்களைப் பெயரால் சுட்டாமல் கண்ணின் நிறத்தால் சுட்டுகிறது. வெளிர்நிறக் கண்ணைப் பூனைக்கண் என்பது இன்றைய பேச்சிலும் உள்ளது.

மூன்று கண்ணினரையும் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என முறையே கொள்வது பெருவழக்கு. 1639 இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றியதும் 1795 இல் ஆங்கிலேயர் கைப்பற்றியதும் இதற்கு இயைகின்றன. ஆனால் பறங்கி முற்பாதியிலேயே பெயர் பெற்றுவிட்டமையால் பூனைக்கண்ணர் வேறு யாரோ என்று கொள்ளவும் வழி உண்டு. 1782 இல் பிரெஞ்சுக்காரர் சிலகாலம் இக்கோட்டையை வைத்திருந்தனர். வருவது கூறும் பாடல்கள் இவ்வாறு நெகிழ்ந்து கொடுப்பதால்தான் வாழ்கின்றன. எவ்வாறாயினும் புகைக்கண்ணர் ஆங்கிலேயரானால், இப்பகுதி 1795 க்குப் பின் அமைந்தது, அல்லது பழைய சொற்களுக்குப் புதிய பொருள் ஏற்றப்பட்டது என்றே கொள்ளவேண்டும்.

வடுகு என்னும் சொல்லே உண்மையான புதிர். சங்க இலக்கியம் முதல் வடுகர் என்போர் வடபுலத்தார். பின்னர் அச்சொல் தெலுங்கருக்கும் தெலுங்கு மொழிக்கும் பெயராயிற்று. நாயக்கர் காலத்தில் அவர்தம் படைகளும் அதிகாரிகளும் அப்பெயர் பெற்றனர். 1544 இல் முத்துக்குளித்துறைப் பரதவர் ஊர்களைத் தாக்கிய படையினரைப் புனித சவேரியாரின் கடிதங்கள் படகர் என்று குறிப்பது இச்சொல்லின் திரிபே. பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளில் திருகோணமலையில் இருந்து நோக்கினால், ஆங்கிலேயருக்குப் பின் தெலுங்கர் ஆள்வர் என எதிர்பார்க்க எக்காரணமும் இல்லை. பிற்காலத்தவர் ஒருவர் புதிதாகப் புனைந்திருந்தால் இச்சொல்லைத் தேர்ந்திருக்க மாட்டார்.

ஆனால் 1620 ஐ ஒட்டிய ஆண்டுகளில் இருந்து நோக்கினால் நிலை வேறு. 1619 இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. அதனை மீட்கத் தஞ்சை இரகுநாத நாயக்கன் கடல் கடந்து படை அனுப்பினான். அப்படைகள் 1620, 1621 ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் போரிட்டுத் தோற்றன. அதாவது, கோயில் வீழ்ந்த நாள்களில் பறங்கியரை விரட்டக்கூடியவர் எனத் தமிழர் எதிர்நோக்கியது வடுகப் படையையே. எனவே வெண்பாவின் இறுதிச்சொல், அதன் நடுவில் உள்ள கண்களைவிடப் பழமையானதாக இருத்தல் கூடும். இதற்கு மறுப்பாக ஒன்று சொல்லலாம்: 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டவர்கள் நாயக்க மரபினர், சிங்கள வழக்கிலும் அவர்கள் வடுகரே. அவர்கள் ஆட்சி கிழக்குக் கரைக்குப் பரவும் என்ற எண்ணமும் வெண்பாவில் ஏறியிருக்கலாம். இரண்டுள் முன்னதே வலுவுடையது. எனினும் இரண்டும் ஒரே சொல்லில் படிந்திருக்கத் தடை ஏதுமில்லை.

யாப்பு இச்சொல்லைக் காத்தது என்று சொல்ல இயலாது. வடுகாய் என்னும் சீரின் இடத்தில் தமிழாய் என வைத்தாலும் தளை கெடாது. மோனை ஒன்றே குன்றும். மாற்றுவதற்கு வழியும் இருந்தது, மாற்ற விழைவதற்குக் காரணமும் இருந்தது. ஆயினும் பெருவழக்கான வடிவத்தில் சொல் மாறவில்லை. பொருள் விளங்காத சொல்லை விளங்காதபடியே கையளித்துவந்த இந்நேர்மை, வாய்மொழி மரபை ஐயுறுவோர் எண்ணிப்பார்க்க வேண்டியது. மொழிபெயர்ப்பாளர் இதனைத் தெலுங்கர் என்றோ வடவர் என்றோ தெளிவாக்கிவிடாமல், வடுகு என்றே எழுதிக் குறிப்புத் தருவது நல்லது.

கட்டடம் இல்லாத கோயில்

அழிவுக்குப் பின் இரு வகையில் கோயில் தொடர்ந்தது. காப்பாற்றப்பட்ட திருவுருவங்கள் உள்நாட்டிற்குக் கொண்டு செல்லப்பட்டன. பின்னர்த் தம்பலகாமத்தில் எழுந்த கோயில் ஆதிகோணநாயகர் கோயில் எனப் பெயர் பெற்றது. பின்னே கட்டிய கோயிலுக்கு ஆதி என்னும் அடைமொழி பொருந்துமா எனக் கேட்கலாம். ஊர் வழக்கில் பழமை கட்டடத்தின்மேல் நிற்பதில்லை, திருவுருவத்தின்மேல் நிற்கிறது. குன்றில் இருந்த மூர்த்தி தம்பலகாமத்தில் இருப்பதால், ஆதியும் அங்கே சென்றுவிட்டது.

மற்றொன்று வெறும் பாறையில் நடந்த வழிபாடு. கோட்டை ஐரோப்பியர் வசம் இருந்தும், குறித்த வேளைகளில் அடியார் குன்றின் விளிம்புக்கு வந்தனர். அந்தணர் ஒருவர் பாறை விளிம்பில் நின்று மலர் தூவித் தேங்காய் உடைத்துக் கடலை நோக்கி வழிபட்டதை 1859 இல் வெளியான தம் நூலில் எமர்சன் டெனன்ட் விவரித்துள்ளார். கருவறை இருந்த இடத்தில் கடல் இருந்தது. இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவும், பாவநாசச் சுனையும், எஞ்சிய ஒற்றைத் தூணும் கோயிலின் பகுதிகளாகவே பேசப்பட்டன.

அவ்வொற்றைத் தூண் இரு நினைவுகளைச் சுமப்பது. அதில் பிரான்சினா வான் ரேடே என்னும் ஒல்லாந்தப் பெண்ணின் பெயரும் 1687 ஆம் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. தன்னைக் கைவிட்டுக் கப்பலேறிய காதலனைக் கண்டு அவள் இவ்விளிம்பிலிருந்து பாய்ந்தாள் என்று கதை வளர்ந்து, ஆங்கிலேயர் இடத்திற்கே காதலர் பாய்ச்சல் எனப் பொருள்படும் பெயரிட்டனர். அவள் அதன்பின்னும் வாழ்ந்து மணம் புரிந்ததாக ஒல்லாந்த ஆவணங்கள் காட்டுகின்றன. ஆங்கிலப் பெயர் பயண நூல்களில் நின்றது; தமிழர் வழக்கில் தூண் கோயில் தூணாகவே இருந்தது.

இங்குக் கோணேசர் கல்வெட்டு என்னும் நூலையும் சுட்டவேண்டும். கவிராச வரோதயன் இயற்றியதாகக் கூறப்படும் இந்நூல் பெயரால் கல்வெட்டு. உண்மையில் ஏட்டில் எழுதிய நூல். குளக்கோட்டன் கோயிலுக்கு வகுத்த ஒழுங்குகளையும், தானத்தார், வரிப்பத்தார் முதலியோருக்குரிய கடமைகளையும் அது தொகுத்துரைக்கிறது. குளக்கோட்டன் என்னும் பெயரே குளமும் கோட்டமும் கட்டியவன் என்று பிரிக்கத்தக்க காரணப்பெயர். இடிந்த கோயிலின் ஒழுங்குகளை மாற்றமுடியாதவை எனக் காட்ட, ஏடு கல்லின் பெயரை எடுத்துக்கொண்டது.

மீட்சி

அழிவின்போது சில திருவுருவங்கள் மண்ணில் புதைக்கப்பட்டன என்பது வழிவழி வந்த செய்தி. 1950 இல் நகரசபையினர் கிணறு தோண்டியபோது, குன்றுக்குச் சில நூறு கெச தூரத்தில் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார் முதலியோர் அவற்றுள் அடங்குவர். ஏறத்தாழ 330 ஆண்டுகள் நாவில் மட்டும் இருந்த செய்திக்கு மண்வெட்டி சான்று தந்தது. 1956 இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் குன்றின் அடியில் மூழ்கிக் கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். கிளார்க் அடுத்த ஆண்டு வெளியிட்ட நூலில் அதனை எழுதினார். கடலடியிலிருந்து எடுத்ததாகக் கூறப்படும் இலிங்கம் இன்று கோயிலில் உள்ளது.

குன்றின்மேல் புதிய கோயில் எழுந்து 1963 இல் குடமுழுக்கு நடைபெற்றது. பழைய கோயிலைப் பற்றி ஏடுகள் கூறும் அளவோடு ஒப்பிட இது சிறியது. கல்வெட்டின் சொல்லை எழுத்துக்கு எழுத்துக் கொண்டால் அது பொய்க்கவும் இல்லை: பின்னரசர்கள் எவரும் இத்திருப்பணியை எண்ணவில்லை. எண்ணியவர்கள் ஊரார்.

இன்றும் கோணேசுவரத்திற்கு வேறு வழி இல்லை. வழிபடச் செல்வோர் கோட்டை வாயிலில் நுழைந்து, பின்னர் இயற்ற ஒண்ணாது என்னும் அந்நிலைக்கல்லைக் கடந்தே குன்றேறுகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் கல்லை நின்று படிப்பதில்லை. அவர்களுக்குத் தெரிந்த வெண்பா வேறு.